ஏ.ஆர். புத்தகத்தில் இருக்கிற ஊர்

1924 ஜூன் 26, இரவு பதினொன்றரை மணி. திருவண்ணாமலையில் ரமணாசிரமம் என்று அன்றைக்கு இருந்தது, ரமண மகரிஷியின் தாயார், 1922-ல் மறைந்த அழகம்மாளின் சமாதியும் அதையொட்டிய கூடமும் சில கூரைக் கொட்டகைகளும்தான். பகவான் என்று பக்தர்கள் அழைக்கும் ரமணர் சமாதிக்கு எதிரே மேடையில் படுத்திருந்தார். பக்தர்கள் ஜன்னலோரம் தரையில் படுத்திருந்தார்கள். உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று வெளியே யாரோ எண்ணிச் சொல்வது குஞ்சுசுவாமி என்ற பக்தர் காதில் விழுந்தது. யாரது என்று குரல் கொடுத்தார். பதிலுக்கு ஜன்னலை உடைக்கிற சத்தம் வந்தது.

இங்கே பெரிதாக ஒன்றும் இல்லை, வேண்டியதை வந்து எடுத்துக்கொள்ளலாம் என்றார் பகவான். வந்தவர்கள் நம்பவில்லை. துப்பாக்கி வைத்திருப்பதாக நினைக்கட்டும் என்று ஜன்னல் பக்கம் பட்டாசு கொளுத்தினார்கள். நாங்களே வெளியே போய்விடுகிறோம் என்று பகவான் சொன்னார். போவதற்கு முன்னால், கருப்பன் என்ற நாயைத் திருடர்கள் அடித்துவிடக் கூடாது என்று முதலில் அதைப் பத்திரமான இடத்துக்கு அனுப்பச் செய்தார். பிறகு வெளியே வந்தவர்களுக்கு வாசலிலேயே தடியடி விழுந்தது. பகவானுக்கு இடது தொடையில் அடி. இதுவும் போதவில்லையென்றால் மற்றக் காலிலும் அடிக்கலாம் என்று சொல்லிவிட்டு, பக்கத்துக் கொட்டகையில் போய் உட்கார்ந்தார். திருடர்கள் ஹரிக்கேன் விளக்கு கேட்டார்கள், அதையும் கொடுத்தார்கள். இரண்டு மணி வரை தேடினார்கள். கிடைத்தது கொஞ்சம் வெள்ளித் தகடு, அரிசி, மாம்பழம் என்று பத்து ரூபாய் பெறுமானம். அங்கே தங்கியிருந்த ஒருவரின் ஆறு ரூபாயும் போயிற்று.

ரமணாசிரமம் பக்கத்தில் குடியிருக்கிற எங்களுக்கு இது பழகிய கதை. பொறுமைக்கு உதாரணமாகத்தான் இதைச் சொல்வார்கள். நான் அரசு மருத்துவமனைகளில் கேஷுவாலிட்டி நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அடிபட்டு வந்தவர்களைப் பார்த்தே என் வயது போயிற்று. அதனால் அந்த இரவை நான் வேறு விதமாகவும் படிக்கிறேன்.

முதலில் அந்தப் பட்டாசு. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ரிச்சர்ட் ரைட், ஸ்காட் டெக்கர் என்ற இரண்டு ஆய்வாளர்கள், சிறையில் இருப்பவர்களை விட்டுவிட்டு, வெளியே நடமாடிக்கொண்டே வழிப்பறி செய்துவந்த 86 பேரைத் தேடிப் பேசினார்கள். 1997-ல் அது புத்தகமாக வந்தது. வழிப்பறிக்காரனின் முதல் வேலை, இதோ சாகப்போகிறோம் என்ற பயத்தை எதிராளியின் மனதில் உண்டாக்குவது என்று அவர்கள் கண்டார்கள். பயம் வந்துவிட்டால் ஆயுதத்துக்கு வேலை குறைவு. பயம் வராதபோதுதான் கை ஓங்குகிறது. ஆசிரம ஜன்னலில் வெடித்த பட்டாசு அந்தப் பயத்துக்காக வெடித்தது. அங்கே படுத்திருந்தவருக்குப் பயமும் வரவில்லை, எதிர்த்து நிற்கும் எண்ணமும் வரவில்லை. தடி வந்தது. அதற்கு மேல் எதுவும் வரவில்லை. யாருக்கும் உயிர் போகவில்லை.

அடுத்தது ஓர் இரும்புக் கம்பி. பகவானை அடித்துவிட்டார்கள் என்று தெரிந்ததும் ராமகிருஷ்ணசுவாமி என்ற பக்தர் கம்பியை எடுத்துக்கொண்டு, போய் ஒரு கை பார்க்க அனுமதி கேட்டார். பகவான் தடுத்தார். நாம் சாதுக்கள், நம் தர்மத்தை விடக் கூடாது. நீ அடித்து யாராவது செத்தால் உலகம் நம்மைத்தான் குற்றம் சொல்லும், அது நியாயமும்கூட என்றார். பல் நாக்கைக் கடித்துவிட்டால் பல்லையா தட்டி எடுப்போம் என்றும் கேட்டார். பல்லும் நாக்கும்தான் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. எனக்கு அதற்கு முந்தைய வாக்கியம்தான் முக்கியம். இரண்டாவது அடி விழுந்தால் இந்த இரவு எங்கே போய் முடியும் என்பதை அவர் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்.

இந்த இரண்டாவது அடியைத்தான் கேஷுவாலிட்டி வராண்டாவில் தினமும் பார்ப்போம். உள்ளே ஒருவனுக்குத் தலையில் தையல் போட்டுக்கொண்டிருப்போம். வெளியே அவன் அண்ணன் தம்பிகள், சிநேகிதர்கள், கையில் போன். "இன்னைக்கு ராத்திரிக்குள்ள அவன இங்கயே கொண்டாந்து போடறோம் பாரு." சொன்ன மாதிரியே விடிவதற்குள் எதிர்த்தரப்பு ஆள் பக்கத்துக் கட்டிலுக்கு வந்துவிடுவதும் உண்டு. சிகாகோவில் கேரி ஸ்லட்கின் என்ற டாக்டர் இதைத்தான் பிடித்துக்கொண்டார். ஆப்பிரிக்காவில் காலரா, காசநோய் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பியவர். துப்பாக்கிச் சூடும் தொற்றுநோய் மாதிரி ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவுகிறது, பரவும் சங்கிலியை நடுவில் அறுக்க முடியும் என்று 2000-த்தில் ஒரு திட்டம் தொடங்கினார். அந்தந்தத் தெருவில் மரியாதை உள்ள, பழைய சண்டைக்காரர்களையே வேலைக்கு வைத்தார். கோபத்தோடு கிளம்புகிறவனைக் கிளம்ப விடாமல் பேசிப் பிடித்து வைப்பதுதான் அவர்கள் வேலை. இந்த வழிமுறை சில ஊர்களில் நல்ல பலன் தந்தது, சில ஊர்களில் தரவில்லை. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ அரசு மருத்துவமனையில் 2015 முதல், கத்திக்குத்துப்பட்டு வருகிறவனின் கட்டிலருகே போய் உட்கார்ந்து பேச ஆள் வைத்திருக்கிறார்கள். அவர் போலீஸ் இல்லை, டாக்டரும் இல்லை. உயிர் பிழைத்த அந்த ஓரிரு மணி நேரத்தில் மனம் இளகியிருக்கும், அப்போது சொல்வது காதில் ஏறும் என்ற நம்பிக்கை. அது உண்மை என்று நானே சாட்சி சொல்வேன். எங்கள் வார்டில் அந்தப் பேச்சைப் பேச ஆயாம்மாக்கள்தான் இருந்தார்கள். சம்பளத்துக்கு வெளியே அவர்கள் செய்த வேலை அது.

அந்த இரவில் மூன்றாவதாக நடந்ததைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். குஞ்சுசுவாமி இருட்டோடு இருட்டாக டவுனுக்குப் போய் உதவி கேட்டார். திருடர்கள் போன சற்று நேரத்தில் போலீஸ் வந்தது. பகவானுக்கு யார்மேலும் வருத்தம் இல்லை. ஆனாலும் விசாரணை நடந்தது, சில நாளில் பொருள்களில் கொஞ்சம் கிடைத்தது, ஆட்கள் பிடிபட்டார்கள், ஜெயிலுக்கும் போனார்கள். மன்னிப்பதும் புகார் பதிவாவதும் ஒன்றுக்கொன்று எதிர் இல்லை. பதிவானதால்தான் நூறு வருஷம் கழித்து நாமும் அதைப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

பதிவாகாத அடிகளைப் பற்றித்தான் நான் எழுத வந்தேன்.

அடிதடியில் காயம்பட்டு யார் வந்தாலும் டியூட்டி டாக்டர் முதலில் ஏ.ஆர். போடுவார். விபத்துப் பதிவேடு. ஊரில் எல்லோருக்கும் அது ஏ.ஆர். காப்பிதான். "ஏ.ஆர். போட்டாச்சா?" என்று கேட்டுக்கொண்டேதான் வக்கீல் குமாஸ்தா உள்ளே வருவார். அதில் பேர், வயது, விலாசத்தோடு சில விவரம் இருக்கும். எத்தனை பேர் அடித்தார்கள், தெரிந்தவர்களா தெரியாதவர்களா, எதைக் கொண்டு அடித்தார்கள், எந்த இடத்தில், எத்தனை மணிக்கு. பிறகு காயத்தின் அளவு. தகவல் போலீஸ் அவுட்போஸ்ட்டுக்குப் போகும். புத்தகம் நிரம்பியதும் ரெக்கார்ட் ரூமுக்குப் போகும். வருஷக்கணக்காகி கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தால், அந்த ஒரு பக்கத்தைத் தேடி எடுப்பார்கள். மற்றப் பக்கங்களை யாரும் திறப்பதில்லை.

அந்தப் பக்கங்களைத் திறந்துதான் பிரிட்டனில் கார்டிஃப் நகரம் தன் அடிதடியைக் குறைத்தது. ஜொனாதன் ஷெப்பர்ட் என்பவர் அங்கே முக எலும்பு அறுவை நிபுணர். உடைந்த தாடைகளையும் கிழிந்த கன்னங்களையும் தைத்துத் தைத்துச் சலித்தவர், இவர்களில் எத்தனை பேர் போலீஸ் கணக்கில் இருக்கிறார்கள் என்று பார்த்தார். பெரும்பகுதி இல்லை. அப்படியானால் போலீஸ் கையில் இருக்கிற வரைபடமே அரைகுறை. அவர் ஆஸ்பத்திரி வரவேற்பில் இருப்பவர்களிடம் சில கேள்விகளைக் கூடுதலாகக் கேட்கச் சொன்னார். எங்கே நடந்தது, எப்போது, என்ன ஆயுதம், எத்தனை பேர். பேர், விலாசத்தை நீக்கிவிட்டு இந்த விவரம் மட்டும் மாதாமாதம் போலீசுக்கும் நகராட்சிக்கும் போனது. எந்த மதுக்கடை வாசல், எந்தத் தெருமுனை, சனிக்கிழமை எத்தனை மணி என்பது தெளிவாயிற்று. ரோந்து அந்த நேரத்துக்கு அந்த இடத்துக்கு மாறியது. உடைந்தால் முகத்தைக் கிழிக்கிற கண்ணாடிக் குவளைகளுக்குப் பதில் கெட்டிப்படுத்திய கண்ணாடி வந்தது. கூட்டம் முட்டிக்கொள்கிற தெருவில் வண்டிப் போக்குவரத்தை நிறுத்தினார்கள்.

2011-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் முடிவு வெளியானது. கார்டிஃபை அதே மாதிரியான 14 நகரங்களோடு ஒப்பிட்டிருந்தார்கள். அந்த நகரங்களோடு ஒப்பிட்டால், அடிபட்டு ஆஸ்பத்திரியில் சேருகிறவர்கள் 42 சதவீதம் குறைந்திருந்தார்கள். அந்த ஆய்வில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. போலீசில் பதிவான சின்னச் சின்ன அடிதடி வழக்குகள் கூடியிருந்தன. பெரிய காயம் குறைந்தது, சின்ன வழக்கு கூடியது. சண்டை முற்றுவதற்கு முன்னாலேயே போலீஸ் அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். நம் ஊரில் வழக்கு எண்ணிக்கை கூடினால் மாவட்டமே கெட்டுவிட்டது என்று தலைப்புப் போடுகிறோம். பல சமயம் அது நல்ல செய்தி.

நான் மேலே சொன்ன ஏ.ஆர். விவரங்களையும் ஷெப்பர்டின் கேள்விகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இடம், நேரம், ஆயுதம், ஆள் எண்ணிக்கை. கார்டிஃபில் புதிதாகக் கேட்க வேண்டியிருந்ததை நாம் காலங்காலமாக எழுதி வைத்திருக்கிறோம். கூட்டிப் பார்க்கத்தான் ஆள் இல்லை. அரசாங்கக் குற்றப் புள்ளிவிவரம் இந்த வேலையைச் செய்யாது. 1953 முதல் வருகிற அந்தத் தொகுப்பு எஃப்.ஐ.ஆர். ஆனதை மட்டும் எண்ணுகிறது. ஒரே வழக்கில் பல குற்றம் இருந்தால் அதில் பெரியதை மட்டும் எடுத்துக்கொள்கிறது. ஊரறிய நடந்து ராஜியாகிப் போன சண்டை அதில் வராது.

திருவண்ணாமலைக்கு இது மிகவும் பொருந்தும் என்று நினைக்கிறேன். இது நாளுக்கு நாள் ஆள்தொகை மாறுகிற ஊர். பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் லட்சக்கணக்கில் ஜனம். மறுநாள் அதே பாதை காலி. டிசம்பரிலிருந்து மார்ச் வரை ரமணாசிரமத்தைச் சுற்றி வெளிநாட்டவர் சீசன். வருஷம் முழுக்கப் பாதையோரம் படுத்து எழும் சாதுக்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு அடிதடி உண்டு. பௌர்ணமிக்குப் பார்க்கிங் தகராறும் வாடகைத் தகராறும். சாதாரண நாளில் டாஸ்மாக் மூடுகிற பத்து மணிக்கு மேல் ஒரு அலை. சாதுக்களுக்குப் படுக்கிற இடத்துக்காகச் சண்டை. அன்னதானம் எங்கே எப்போது என்று எல்லோரும் சொல்வார்கள், ஒரு சாதுவுக்கு ராத்திரி மண்டை உடைந்தால் அவர் பேர்கூட யாருக்கும் தெரியாது. "யாரு சாமி அடிச்சது?" என்றால் "அருணாசலம்" என்பார். டாக்டர் "தெரியாத நபர்" என்று எழுதுவார். ஆனால் இடமும் நேரமும் எழுதியிருக்கும். கிரிவலப் பாதையில் யம லிங்கத்துப் பக்கம் எந்த இடத்தில் விளக்கு எரியவில்லை என்று கண்டுபிடிக்க அடித்தவன் பேர் தேவையில்லை.

அமெரிக்காவின் மின்னியாபோலிஸ் நகரில் லாரன்ஸ் ஷெர்மன் குழு 1989-ல் வெளியிட்ட ஆய்வில், நகரத்து முகவரிகளில் 100-க்கு 3 சொச்சம்தான் போலீசுக்கு வந்த அழைப்புகளில் பாதிக்குக் காரணம் என்று வந்தது. வன்முறை ஊர் முழுக்கத் தூவிக் கிடப்பதில்லை, சில இடத்தில் சில நேரத்தில் குவிகிறது. இதைப் படித்தபோது எனக்கு நம்பிக்கையும் வந்தது, பயமும் வந்தது. நம் ஊரில் இடம் என்றாலே ஜாதியும் கூட வரும். "அந்தத் தெருப் பசங்க" என்று சொல்லக் காத்திருக்கிறவர்கள் கையில் வரைபடம் கிடைத்தால், காலனிக்குள் ராத்திரி ராத்திரி ஜீப் போகும். அதனால் கணக்கு எடுக்கும்போது, அடிபட்டவர் எந்தத் தெருக்காரர் என்பதை விட்டுவிட வேண்டும். அடி விழுந்த இடம் எது என்பது மட்டும் போதும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

எல்லா வன்முறைக்கும் ஏ.ஆர். உதவாது. எங்கள் மாவட்டத்திலேயே, 2018 மே 9-ந் தேதி, போளூரை அடுத்த அத்திமூரில் நடந்ததை நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது. குலதெய்வம் கோயிலுக்கு வழி தேடி காரில் வந்த குடும்பம். வழி கேட்க நிறுத்திய இடத்தில் வயதான அம்மா குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று ஒரு கும்பல் அடித்தே அந்த அம்மாவைக் கொன்றது. கூட வந்தவர்களும் படுகாயம் அடைந்தார்கள். குழந்தை கடத்தும் கும்பல் சுற்றுகிறது என்ற வாட்ஸ்அப் செய்தி அதற்கு முன் பல நாளாக ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தது. நாடு முழுக்க இப்படிப் பல உயிர் போன பிறகு, அந்த ஜூலையில் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேர் அல்லது குழுக்களுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் மாற்றியது. அதே ஜூலை 17-ல் உச்ச நீதிமன்றம், கும்பல் கொலையைத் தடுக்க மாவட்டத்துக்கு ஒரு உயர் போலீஸ் அதிகாரியைப் பொறுப்பாக்கச் சொன்னது. அத்திமூரில் காயம் வருவதற்கு முன் வந்தது வதந்தி. அதை எண்ணிப் பார்க்கிற பதிவேடு எந்த ஆஸ்பத்திரியிலும் இல்லை. கிராமத்து டீக்கடைக்காரரும் பள்ளிக்கூட டீச்சரும் விஏஓவும் முதல் நாளே காதில் வாங்கியிருப்பார்கள். அவர்கள் சொன்னால் கேட்டு, அன்றைக்கே ஊருக்குள் வந்து மறுத்துப் பேசுகிற அதிகாரி வேண்டும்.

இன்னொன்று, வீட்டுக்குள் விழும் அடி. "படியில வழுக்கிட்டேன் சிஸ்டர்." சொல்கிறவள் கண் என்னைப் பார்க்காது, கூட வந்தவனைப் பார்க்கும். கையைத் தூக்கி முகத்தை மறைத்தால் முன்கையில் எங்கே கன்றும் என்று எங்களுக்குத் தெரியும். அவனைக் கொஞ்சம் வெளியே நிற்கச் சொல்லிவிட்டு மறுபடி கேட்டால், பாதிப் பேர் அழுவார்கள், சொல்ல மாட்டார்கள். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, வன்முறைக்கு ஆளான பெண்களில் உதவி கேட்டவர்கள் 100-க்கு 14 பேர்தான். அதிலும் போலீசுக்குப் போனவர்கள் மிகச் சொற்பம். போகத் தயங்குவதற்குக் காரணமும் இல்லாமல் இல்லை. 2025 செப்டம்பர் கடைசியில் எங்கள் ஊர் புறவழிச் சாலையில், வெளியூரிலிருந்து வந்த ஒரு பெண்ணைப் பாலியல் வன்கொடுமை செய்ததாகக் கைதானவர்கள், இரவு ரோந்தில் இருந்த இரண்டு காவலர்கள். அவர்கள் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். ஆனால் அதற்குப் பிறகு எந்த அம்மா மகளிடம், பயமாக இருந்தால் ஜீப்பை நிறுத்து என்று தைரியமாகச் சொல்வாள்?

மாற முடியும் என்பதற்கு மத்தியப் பிரதேசத்தில் ஒரு சான்று இருக்கிறது. அங்கே 180 போலீஸ் ஸ்டேஷன்களில் ஓர் ஆய்வு நடந்தது. சிலவற்றில் பெண்களுக்கென்று தனி உதவி மேசை போட்டு, அதில் இருப்பவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். சிலவற்றை அப்படியே விட்டார்கள். 2022-ல் சயன்ஸ் இதழில் வந்த முடிவு: மேசை போட்ட ஸ்டேஷன்களில் பெண்களின் புகார்கள் அதிகமாகப் பதிவாயின. மேசையில் பெண் அதிகாரி உட்கார்ந்திருந்த இடங்களில்தான் எஃப்.ஐ.ஆர். கூடியது. 1992-லேயே அனைத்து மகளிர் காவல் நிலையம் தொடங்கிய மாநிலம் நம்முடையது. ஆனால் ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு பெண் எட்டிப் பார்ப்பது பக்கத்தில் இருக்கிற சாதாரண ஸ்டேஷனைத்தான். அங்கே அவளை உட்காரச் சொல்கிறவர் யார் என்பதில் எல்லாம் இருக்கிறது.

மாவட்ட நிர்வாகத்திடம் நான் கேட்பது பெரிய செலவில்லாத ஒன்று. மாதம் ஒருமுறை, மாவட்டத்து அரசு மருத்துவமனைகளின் ஏ.ஆர். பதிவுகளிலிருந்து இடம், நேரம், ஆயுதம், ஆள் எண்ணிக்கை ஆகியவற்றை மட்டும், பேரில்லாமல், விலாசமில்லாமல் தொகுக்க வேண்டும். வீட்டுக்குள் நடந்ததை அதில் சேர்க்கக் கூடாது. கலெக்டர், எஸ்.பி., மருத்துவமனை டீன், மாநகராட்சி, மின்வாரியம் ஒரே மேசையில் உட்கார்ந்து அதைப் பார்க்க வேண்டும். எந்த இடத்தில் விளக்கு, எந்த நேரத்தில் ரோந்து, எந்தக் கடையை இடம் மாற்றுவது என்று அங்கேயே முடிவெடுக்கலாம். ஏ.ஆரைக் கணினியில் ஏற்றினால் ஒரு மதிய நேரத்து வேலை இது.

உங்களிடம் கேட்பதும் ஒன்று உண்டு. அதற்கு முன் இவற்றைத் தெரிந்துகொள்ளுங்கள். போலீஸ் கேஸ் என்று சொல்லி எந்த ஆஸ்பத்திரியும் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது. பிடியாணை இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றம் என்றால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்றது 2013 தீர்ப்பு. எல்லை எங்களுடையது இல்லை என்றாலும் எந்த ஸ்டேஷனும் புகாரை வாங்க வேண்டும். அவசரத்துக்கு 112, பெண்களுக்கு 181. காயம்பட்டவருக்கும் இறந்தவர் குடும்பத்துக்கும் அரசு இழப்பீடு உண்டு, குற்றவாளி பிடிபடாவிட்டாலும் கேட்கலாம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுக்க வேண்டும். இலவச சட்ட உதவிக்கு 15100.

இனி நான் கேட்பது. உங்கள் வீட்டில் யாருக்காவது அடிபட்டு கேஷுவாலிட்டிக்குப் போக நேர்ந்தால், "எங்கே நடந்தது?" என்று டாக்டர் கேட்கும்போது திருவண்ணாமலை என்று சொல்லி நிறுத்தாதீர்கள். எந்தச் சாலை, எந்தக் கடையோரம், எத்தனை மணி என்று சொல்லுங்கள். அப்படியே எழுதச் சொல்லுங்கள்.